முனிச்சில் தாய்மாமன், சேலத்தில் சீர்: நேரில் போகத்தான் வேண்டுமா?

முனிச்சில் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் அக்காவின் மகள் போன வாரம் பெரியவளாகியிருக்கிறாள். வீட்டளவில் முதல் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. ஆத்தூரிலிருந்து சித்தப்பா மகன் வந்து ஓலை கட்டிவிட்டுப் போயிருக்கிறான். பெரிய சீருக்கு நாள் பார்க்கிறார்கள். இவர்தான் கூடப்பிறந்த ஒரே மாமன். கையில் விடுப்பு கொஞ்சம்தான், ரெசிடென்ஸ் பெர்மிட் புதுப்பிப்பில் கிடக்கிறது, மூன்று வயதுக் குழந்தை வேறு. "நேரில் போயே ஆகவேண்டுமா, பணம் அனுப்பினால் போதாதா? போனால் எத்தனை தட்டு, எவ்வளவு நகை?" என்று கேட்கிறார்.

போங்கள். தட்டைக் குறையுங்கள், நகையைக் குறையுங்கள், அந்தப் பணத்தில் டிக்கெட் எடுங்கள். என் பதில் இவ்வளவுதான். எப்படி என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மஸ்கட்டில் இருந்துகொண்டே சேலத்துக்குச் சீர் செய்த குடும்பத்தின் மருமகள் நான். மாமன் பெண்டாட்டியாக நின்று நலுங்கு வைத்தவள் என்பதால் மேடைக்குப் பின்னால் நடப்பதும் தெரியும்.

முதலில் ஒரு நிம்மதி. ஓலை கட்ட நீங்கள் வரவில்லையே என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். செய்தி வந்த அன்றோ மறுநாளோ நடப்பது அது, யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் பங்காளி முறையில் ஒரு தம்பி போய்ப் பச்சை ஓலை முடைந்து குடிசை கட்டுவதை எந்த ஊரிலும் குறையாகப் பேசுவதில்லை. உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று அந்த நாட்கள் பாட்டி கையில் தானாக ஓடிவிடும். பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்துச் செய்கிற பெரிய சீர் வேறு. கொங்குப் பக்கத்தில் தெரட்டி என்பார்கள். பத்திரிகையில் பூப்பு நன்னீராட்டு விழா, மஞ்சள் நீராட்டு விழா என்று போடுவார்கள். அதைச் சில வாரம் கழித்தும் வைக்கலாம், சில மாதம் கழித்தும் வைக்கலாம். ஒரே மாமன் வெளிநாட்டில் என்றால் அவன் வரும் தேதிக்கு நாள் குறிப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. அக்கா தயங்கலாம், அக்கா மாமியார் வீட்டில் முணுமுணுக்கலாம். கூச்சப்படாமல் நீங்களே கேளுங்கள்.

மாமன் உடம்போடு நின்றே ஆகவேண்டிய இடங்கள் சீரில் மிகக் குறைவு. மேளத்தோடு சீர்த்தட்டுகளை முன்னால் விட்டு மண்டபத்துக்குள் நுழைவது, தண்ணீர் ஊற்றி முடிந்ததும் மாமன் எடுத்த பட்டுப்புடவையைக் கையில் கொடுப்பது, அதை உடுத்தி அவள் மணையில் வந்து உட்காரும்போது மாலை போடுவது. உங்கள் மனைவிக்குத்தான் வேலை அதிகம். தண்ணீர் ஊற்றும் சுமங்கலிகளில் ஒருத்தியாக நிற்க வேண்டும், உள்ளே கூட்டிப்போய் புடவை கட்டிவிட வேண்டும், வெளியே நலுங்கு வைத்து ஆரத்தி எடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒரு காலைப்பொழுது. வீட்டுக்கு வீடு முன்பின்னாக இருக்கும். உங்கள் வீட்டு முறை பெரியம்மாவைக் கேட்டால் தெரியும். மண்டபம், சமையல், பூ, மேளம், தட்டு வாடகை, வண்டி எல்லாவற்றையும் முனிச்சில் உட்கார்ந்தே போனில் முடிக்கலாம். ஆனால் அந்தக் காலைப்பொழுதுக்குப் பணம் பதிலாகாது.

வீடியோ காலில் கலந்துகொள்ளலாமே என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். கோடைக் கணக்கில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே காலை ஏழரை முகூர்த்தம் என்றால் அங்கே விடியற்காலை நாலு மணி. எழுந்து தலைவாரி உட்கார்ந்தாலும், இந்தப் பக்கம் யாரோ ஒரு பையன் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பான். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. நீங்கள் பார்ப்பது போட்டோகிராபரின் முதுகைத்தான்.

இப்போது முக்கியமான ஒன்று. தேதி பேசுவதற்கு முன் பெண்ணிடம் பேசுங்கள். அக்காவிடம் அல்ல, அவளிடமே. இந்த விழா அவள் பெயரில் நடக்கிறது. அவளை மட்டும்தான் யாரும் எதுவும் கேட்பதில்லை. சில பிள்ளைகளுக்குப் பட்டும் பூவும் தோழிகள் கூட்டமும் பிடிக்கும், வேண்டும் என்றே சொல்வார்கள். சிலருக்குப் பள்ளிக்கூடத்தில் தெரிந்துவிடுமே என்பதே பெரும் பாரம். தெருமுனையில் தன் படம் போட்ட பிளெக்ஸ் வேண்டாம், வகுப்பு வாத்தியார்களைக் கூப்பிட வேண்டாம், ரீல்ஸ் எடுத்துப் போட வேண்டாம் என்று அவள் சொல்ல நினைப்பாள். அப்பா அம்மாவிடம் வாய் வராது, மாமாவிடம் வரும். அவள் சொன்னால் அதை அக்கா வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லி நிறைவேற்றிக் கொடுங்கள். தாய்மாமன் வாக்குக்கு இன்னும் மரியாதை மிச்சமிருக்கிற ஒரே நிகழ்ச்சி இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் படத்தைப் பத்தடி உயரத்துக்கு அச்சடித்துச் சாலையில் கட்டுவது யார் வீட்டுப் பெண்ணுக்கும் வேண்டாத வேலை.

அவள் விழாவே வேண்டாம் என்றாலும் காது கொடுங்கள். நீதிக்கட்சி 1944ல் மாநாடு கூட்டித் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது இதே சேலத்தில்தான். இந்தச் சடங்கே கூடாது என்று நிறுத்திய வீடுகள் இந்த ஊருக்குப் புதிதல்ல. அப்படியானால் வீட்டில் சொந்தங்களுக்கு மட்டும் ஒரு விருந்து வைத்துவிட்டு, அவளையும் அவள் தோழிகள் இரண்டு பேரையும் ஏற்காட்டுக்கு அழைத்துப் போங்கள். அவள் நினைவில் நிற்கப்போவது அதுவாகவும் இருக்கலாம்.

சரி, விழா உண்டு என்று வைத்துக்கொண்டு தேதிக்கு வருவோம். உங்களுக்குப் பொருத்தமான மாதம் வைகாசி, அதிலும் பின்பாதி. அக்கினி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடியும். அதற்கு முன் சேலத்து வெயிலில் மூன்று வயதுக் குழந்தையைப் பட்டுச் சட்டையில் மண்டபத்தில் உட்கார வைப்பது கொடுமை. இங்கே பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில்தான் திறக்கும், அவளுக்கும் படிப்பு கெடாது. உங்கள் பக்கம் பார்த்தால், ஈஸ்டர் முடிந்து ஆறாவது வாரம் வியாழக்கிழமை ஒரு அரசு விடுமுறை, அப்புறம் பெந்தெகொஸ்தே திங்கள், முனிச் இருக்கும் பவேரியா மாநிலத்தில் கூடுதலாக இன்னொரு வியாழன். மூன்றும் பெரும்பாலும் மே மாதத்துக்கும் ஜூன் நடுவுக்கும் இடையில் வந்து விழும். விடுமுறையை ஒட்டிய வேலைநாட்களைச் சேர்த்துப் போட்டால் குறைந்த விடுப்பில் பத்து நாள் தேற்றிவிடலாம். ஆனால் அங்கே பள்ளிகளுக்கும் அப்போது லீவு, டிக்கெட் விலை ஏறும், முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

வைகாசியை விட்டால் ஆனியில் வைக்கலாம், பள்ளி தொடங்கியிருக்கும். ஆடியில் பேச்சே இல்லை. சேலம் முழுக்கக் கோட்டை மாரியம்மன் பண்டிகையில் இருக்கும், நல்ல காரியம் யாரும் வைப்பதில்லை. அடுத்தது ஆவணிதான்.

டிக்கெட்டுக்கு முன் பெர்மிட். உங்கள் கேள்வியிலேயே பயப்பட வேண்டிய விஷயம் இது ஒன்றுதான். பழைய அட்டை காலாவதியாகி, புதுசு வரும்வரை வெளிநாட்டினர் அலுவலகம் ஒரு தற்காலிகச் சான்று தரும். ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்று அங்கே எல்லோருக்கும் மனப்பாடமான பெயர். அதில் எந்த உட்பிரிவில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டம் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்றால் பழைய அனுமதி தொடர்வதாகக் கணக்கு. இந்தியா வந்து திரும்பலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம், திரும்பி நுழைவது சிக்கலாகும். 4ஆம் உட்பிரிவே ஆனாலும் காலாவதியான அட்டையையும் கூடவே கொண்டுவாருங்கள். நம் விமான நிலையக் கவுன்ட்டரில் இருப்பவருக்கு அந்தப் பச்சைத்தாள் பழக்கமில்லாமல் இருக்கலாம், பேசிப் புரியவைக்க நேரம் வேண்டும். வேறு ஐரோப்பிய நாட்டில் மாறாமல் நேராக ஜெர்மனியிலேயே இறங்கும் விமானமாக எடுப்பது நல்லது. குழந்தையின் பாஸ்போர்ட் ஜெர்மானியப் பாஸ்போர்ட் என்றால் ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) விசாவோ இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

வழி என்று பார்த்தால் உங்களுக்குப் பெங்களூர்தான். பிராங்க்பர்ட்டிலிருந்து பெங்களூருக்கு நேர் விமானம் உண்டு. கோவையும் திருச்சியும் சேலத்துக்குப் பக்கம்தான், ஆனால் அங்கே வரும் வெளிநாட்டு விமானங்கள் சிங்கப்பூர், வளைகுடா, கொழும்பு என்ற கணக்கில் ஓடுகின்றன. சேலத்திலேயே ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. 2023 அக்டோபரில் மறுபடி சேவை தொடங்கியது. சிறிய விமானங்கள், ஒரு நாளில் ஒன்றிரண்டு. உங்கள் இறங்கு நேரத்தோடு ஒத்துவந்தால் அதிர்ஷ்டம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஐரோப்பாவிலிருந்து வரும் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் இறங்கும். பெட்டியை எடுத்ததும் டாக்சி பிடித்துச் சேலத்துக்கு ஓட வேண்டும் போலத்தான் இருக்கும். ஓடாதீர்கள். விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து பெங்களூரைக் கடந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி வந்தால் தொப்பூர் கணவாய். சேலம் நோக்கி வரும்போது அது நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள் மேல் ஏறுவது அங்கே அடிக்கடி நடக்கிறது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டிரைவரோடு, குழந்தையையும் வைத்துக்கொண்டு அந்த இடத்தை இருட்டில் கடக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. விமான நிலையம் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டில் இருக்கலாம். ரயில்தான் வேண்டும் என்றால் பெங்களூர் கன்டோன்மென்டிலிருந்து கோவை போகும் வந்தே பாரத் சேலத்தில் நிற்கும். விழாவுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னால் வந்துவிடுங்கள். நேரமாற்றத்தில் குழந்தை இரண்டு ராத்திரி விடிய விடிய விளையாடும்.

நகைக்கு வருவோம். அங்கிருந்து தங்கம் வாங்கிவருவதில் லாபமில்லை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருபவர்களில் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் நகை வரை சுங்க வரி இல்லை. அது உருப்படியாகச் செய்த நகைக்கு மட்டும். காசும் கட்டியும் அதில் சேராது. கிளம்பும் முன் சுங்கத்துறை விதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது மாற்றுகிறார்கள். உங்கள் மனைவி போட்டுவரும் தாலிக்கொடியும் வளையலும் எடை போட்டால் எவ்வளவு என்று யோசித்துவிட்டுத்தான் மேற்கொண்டு வாங்க நினைக்க வேண்டும். இங்கேயே வாங்குங்கள். நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கக் குறியீடு கொண்ட ஹால்மார்க் அடையாளம் இருக்க வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம்.

பவுன் விற்கிற விலையில் ஒரு சின்னத் தோடு போதும் என்பேன். அதற்குப் பதில் கொலுசில் மனதைக் காட்டுங்கள். அக்கா இருப்பது செவ்வாய்ப்பேட்டை. சேலத்து வெள்ளிக்கொலுசு நாடு முழுக்கப் போகிறது. பட்டறைகள் அந்த வட்டாரத்துத் தெருக்களிலேயே இருக்கின்றன. அவளையே அழைத்துப் போய், முத்து வைத்ததா வைக்காததா, சத்தம் வேண்டுமா வேண்டாமா என்று அவளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். பள்ளிக்குப் போட்டுப்போக மெல்லியதாக ஒன்று கேட்பாள். பட்டும் அப்படித்தான், அவள் உடுத்தப்போகும் நிறத்தை வாட்ஸ்அப்பில் நாலு பேர் ஓட்டுப் போட்டு முடிவு செய்யக் கூடாது. உங்களுக்கு ஒரு சேலம் வெண்பட்டு வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள், போட்டோவுக்கு அதைவிட எடுப்பாக எதுவும் இல்லை.

தட்டு எத்தனை? ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் விதி. 21 வைத்தாலும் சீர்தான், 101 வைத்தாலும் சீர்தான். நூற்றியொன்று வைக்கிற இடத்தில் பாதித் தட்டில் சோப்பும் பவுடரும் பிஸ்கட் பாக்கெட்டும் பிளாஸ்டிக் தாள் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தூக்கிவர ஆள் பிடிப்பதே ஒரு வேலை. சீட்டு எடுத்து, வட்டிக்கு வாங்கிச் சீர் வைத்த மாமன்கள் நம் ஊரில் ஏராளம். வெளிநாட்டுக்காரன் என்றால் எதிர்பார்ப்பு இரண்டு மடங்கு. முதல் பேச்சிலேயே "அக்கா, இருபத்தொரு தட்டு, என்னால் முடிந்தது இவ்வளவு" என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு அது சங்கடமில்லை, அவள் தன் மாமியார் வீட்டில் என்ன சொல்வது என்று தயாராகிக்கொள்வாள். வைகாசியில் மாம்பழக் காலம் உச்சத்தில் இருக்கும். மல்கோவா ஒரு தட்டு, இமாம்பசந்த் ஒரு தட்டு வைத்தால் சபை நிறையும்.

பூவை மட்டும் முந்தின நாளே சொல்லிவையுங்கள். முகூர்த்த நாளில் வ.உ.சி. மார்க்கெட்டில் குண்டுமல்லி விலை காலையில் ஒன்று, ஒன்பது மணிக்கு ஒன்று. மாமன் மாலை கட்டுபவரிடம் அளவு சொல்லுங்கள். பெரியவர் கழுத்துக்குக் கட்டுகிற கனத்தில் அந்தச் சின்னப் பிள்ளைக்கும் கட்டிவிடுகிறார்கள், அவள் இரண்டு மணி நேரம் அதைச் சுமந்து நிற்கிறாள்.

பணம் அனுப்புவதில் வரிப் பயம் வேண்டாம். உடன்பிறந்தவர் தரும் அன்பளிப்புக்கு அக்கா வருமான வரி கட்ட வேண்டியதில்லை; தாய்மாமன் மருமகளுக்கு நேராகக் கொடுத்தாலும் அப்படியே. வங்கி வழியாகப் போகட்டும். அவள் பெயரில் ஒரு வைப்புத்தொகை போட்டுத் தருவதாக இருந்தால், தட்டில் வைத்துக் காட்டாமல் தனியாகக் கொடுங்கள். மொய் நோட்டில் எங்கள் பக்கம் முதல் வரி மாமன் பெயர்தான், அதற்குச் சீருக்கு மேல் ஒரு சிறு தொகை போதும்.

அங்கிருந்தபடி கட்டாயம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சீர் கொண்டுபோகும்போது உங்கள் பின்னால் வர வேண்டியவர்கள் உங்கள் பங்காளிகள். அவர்களை அழைப்பது உங்கள் பொறுப்பு, அக்காவின் பொறுப்பு அல்ல. குடும்பக் குழுவில் பத்திரிகைப் படத்தைத் தட்டிவிட்டால் அழைத்ததாக ஆகாது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று ஒவ்வொருவருக்கும் நீங்களே போன் செய்து, "நான் வர்றேன், நீங்க முன்னாடி நிக்கணும்" என்று சொல்லுங்கள். ஓலை கட்டிய ஆத்தூர்த் தம்பிக்கு முதல் போன். அவனுக்கும் அவன் மனைவிக்கும் வேட்டி புடவை எடுத்து, சபையில் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

விழா முடிந்து ஒரு நாள் கையில் இருந்தால் ஏற்காடு போய்வாருங்கள், ஆனால் ஞாயிறு வேண்டாம். மே மாதம் கோடை விழாக் கூட்டமும் சேர்ந்தால் அடிவாரத்திலிருந்தே வண்டி நகராது. வார நாளில் காலை ஏழு மணிக்குள் மலை ஏறிவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, குழந்தைக்குப் பால் கொடுத்த கையோடு ஏறாதீர்கள். இறங்கும்போது கூட்டமாக இருந்தால் குப்பனூர் வழி இருக்கிறது, கொஞ்சம் சுற்று.

வைகாசி ஞாயிறுகளுக்கு நல்ல மண்டபங்கள் மாதக்கணக்கில் முன்னால் போய்விடும். பெர்மிட் அலுவலகத்துக்கு இன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள். பதில் வந்ததும் அக்காவிடம் இரண்டு தேதி கொடுத்து, ஒன்றை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுங்கள்.